சர்க்கரையைப் பற்றும் புரதங்கள்: தனிப்பிடியின் தளர்வும் கூட்டுப்பிடியின் வலிமையும்

உயிரினங்களின் செல் ஒவ்வொன்றும் தன் வெளிப்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளாலான அடர்ந்த போர்வை ஒன்றைச் சுமந்திருக்கிறது. செல்சவ்வில் பதிந்த புரதங்களோடும் கொழுப்புகளோடும் வேதிப்பிணைப்பால் இணைந்து, கிளைவிட்டு வெளிநோக்கி நீளும் இந்தச் சங்கிலிகளைக் கிளைக்கன்கள் என்று உயிர்வேதியியலார் அழைக்கின்றனர். நீரிழிவு நோயாளிகள் அளந்து பார்க்கும் குளுக்கோஸ் ஆற்றலுக்காக எரிக்கப்படும் சர்க்கரை; கிளைக்கன்களில் இடம்பெறும் கேலக்டோஸ், மேனோஸ், ஃபியூகோஸ், சயாலிக் அமிலம் முதலியவையோ அங்கே பெரும்பாலும் அடையாளமாக நிற்கின்றன. புரதத்தின் அமினோ அமில வரிசை மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. இச்சங்கிலிகளின் வரிசை அவ்வாறு எங்கும் நேரடியாக எழுதப்பட்டிருக்கவில்லை. செல்லினுள் இருக்கும் நொதிகள் பல, ஒன்றன்பின் ஒன்றாகச் சர்க்கரைகளை ஒட்டியும் வெட்டியும் அவற்றை உருவாக்குவதால், செல்லின் வகை, வயது, அதைத் தாக்கும் நோய் ஆகியவற்றுக்கேற்ப அவை மாறுபடுகின்றன.

இச்சங்கிலிகளில் குறிப்பிட்ட ஒரு சர்க்கரையையோ ஓர் அமைப்பையோ தேர்ந்து பற்றிக்கொள்ளும், ஆனால் பற்றியதை வேதிமாற்றம் செய்யாத புரதங்கள் லெக்டின்கள் எனப்படுகின்றன. நொதி தான் பற்றியதை மாற்றிவிடும். எதிர்ப்பொருள் நோயெதிர்ப்பு அமைப்பின் தூண்டலால் பிறக்கும். லெக்டின் இவ்விரண்டும் அன்று. இந்தச் சொற்பொழிவு நிறுவ முனைவது ஒரே கருத்தை: லெக்டினின் ஒரு குழி ஒரு சர்க்கரையைப் பற்றும் பிடி மிகத் தளர்வானது; பல குழிகள் பல சர்க்கரைகளை ஒரே வேளையில் பற்றும்போதுதான் அந்தப் பிடி உடலில் பயனோ தீங்கோ விளைவிக்கும் வலிமையைப் பெறுகிறது. இத்துறையில் வென்ற மருந்துகளையும் தோற்ற முயற்சிகளையும் இந்த உண்மையின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் அவற்றின் காரணம் விளங்கும்.

லெக்டின் ஆய்வு நஞ்சிலிருந்து தொடங்கியது. 1888இல், இன்றைய எஸ்தோனியாவில் உள்ள தார்த்து நகரின் பல்கலைக்கழகத்தில், ஹெர்மன் ஸ்டில்மார்க் என்னும் ஆய்வு மாணவர் ஆமணக்கு விதையின் நஞ்சைப் பிரித்தெடுத்து, அது இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளச்செய்வதைக் கண்டு, அதற்கு ரிசின் என்று பெயரிட்டார். குன்றிமணியில் உள்ள அப்ரின் என்னும் நஞ்சும் அவ்வாறே செயற்படுவது சில ஆண்டுகளில் தெரியவந்தது. எலிகளுக்கு இவற்றைச் சிறுசிறு அளவில் கொடுத்துப் பழக்கிய பால் எர்லிக், ரிசினுக்கு எதிராக உண்டான காப்பு அப்ரினிடமிருந்து காக்காது, அப்ரினுக்கு எதிரானது ரிசினிடமிருந்து காக்காது என்று காட்டினார். நோயெதிர்ப்பியலின் அடிப்படைகளில் ஒன்றான தனிக்குறிப்புத்தன்மை என்னும் கருத்துக்கு இவ்விரு விதைகளே முதற்சான்றுகளாக அமைந்தன.

ரிசினின் கட்டமைப்பு சற்று நெருங்கி நின்று பார்க்கத் தக்கது. அதில் இரு புரதச் சங்கிலிகள் இணைந்துள்ளன. ஒன்று, செல்லின் புரதம் செய்யும் பொறியான ரைபோசோமின் ஆர்என்ஏயில் குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து ஒரே ஓர் அடினைனை வெட்டி நீக்கும் நொதி. அந்த ஒரு வெட்டிலேயே அந்த ரைபோசோம் செயலிழந்துவிடும். மற்றொன்று, கேலக்டோஸைப் பற்றும் லெக்டின். செல்லின் மேற்பரப்பைப் பிடித்து, நொதியை உள்ளே கொண்டுசேர்ப்பது அதன் வேலை. இதே வகை நொதி பார்லி தானியத்திலும் உண்டு. ஆயினும் அதனோடு லெக்டின் சங்கிலி இணைந்திராததால் அது செல்லுக்குள் நுழையும் வழியின்றி நிற்கிறது, பார்லிக் கஞ்சி குடிப்பவர்க்கு எந்தத் தீங்கும் நேர்வதில்லை. ஆமணக்கைக் கொல்லும் விதையாக்குவது வெட்டும் நொதி மட்டுமன்று, சர்க்கரையைப் பற்றும் அந்தத் துணைச்சங்கிலியும்தான்.

பருப்புகளிலும் பயறுகளிலும் லெக்டின்கள் இருப்பதைச் சுட்டி, அவற்றை உணவிலிருந்தே விலக்கவேண்டும் என்னும் பரப்புரை அண்மைக்காலத்தில் பெருகியிருப்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சரியாக வேகாத ராஜ்மாவின் லெக்டின் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் என்பது உண்மை. ஊறவைத்து, நீரை மாற்றி, நன்கு கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் உருக்குலைந்து செயலிழந்துவிடும் என்பதும் அதேயளவு உண்மை. கொதிநிலையை எட்டாத மிதமான சூட்டில் நெடுநேரம் வைப்பதுதான் ஆபத்தானது. வெந்த பருப்பை அஞ்சுவதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு விதையும் வெவ்வேறு சர்க்கரையைத் தேடுகிறது என்னும் கண்டுபிடிப்பு மருத்துவத்துக்கு முதலில் பயன்பட்ட இடம் இரத்த வங்கி. 1940களில் அமெரிக்காவின் வில்லியம் பாய்டும் பின்லாந்தின் கார்ல் ரெங்கோனனும், சில விதைச் சாறுகள் ஓர் இரத்த வகையின் சிவப்பணுக்களை மட்டும் திரட்டி மற்றவற்றை விட்டுவிடுவதைத் தனித்தனியே கண்டனர். 1951இல் இந்தியாவில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. ஜி. பேர்டு, கொள்ளின் சாறு ஏ வகைச் சிவப்பணுக்களைத் திரட்டுவதைக் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார். ஏ வகையிலேயே ஏ1, ஏ2 என்னும் உட்பிரிவுகள் உண்டு. உரிய அளவில் நீர்த்த கொள்ளுச் சாறு ஏ1 அணுக்களைத் திரட்டி ஏ2 அணுக்களை விட்டுவிடுவதால், இரண்டையும் பிரித்தறிய அது இன்றளவும் ஆய்வகங்களில் கைகொடுக்கிறது. இங்கும் கூட்டுப்பிடியின் கணக்கே செயற்படுகிறது: ஏ1 அணுவின் மேல் அந்த அடையாளச் சர்க்கரை நெருக்கமாக அமைந்திருக்க, ஏ2 அணுவில் அது எண்ணிக்கையில் மிகக் குறைவாகவே உள்ளது. லண்டனில் வால்டர் மார்கனும் வினிஃப்ரெட் வாட்கின்ஸும் 1950களில், திரளலை எந்தச் சர்க்கரை தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏ வகைக்கும் ஓ வகைக்கும் உள்ள வேறுபாடு ஒற்றைச் சர்க்கரையின் வேறுபாடே என்று நிறுவினர். லெக்டின் என்னும் பெயரைப் பாய்டு 1954இல் சூட்டினார்.

இரத்த வகை ஆய்வே எதிர்பாராத ஒரு நோய்க்கும் வழிகாட்டியது. 1952இல் மும்பையில் ஒய். எம். பெண்டேயும் உடனாய்வாளர்களும், ஓ வகையின் அடிப்படை அடையாளம்கூட இல்லாத அரிய இரத்த வகையை அறிவித்தனர்; அது இன்று உலகெங்கும் பம்பாய் வகை என்று அறியப்படுகிறது. அந்த அடிப்படை அடையாளத்தின் நுனியில் நிற்பது ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், இஸ்ரேலில் அடிக்கடி கடுந்தொற்றுக்கு ஆளான இரு குழந்தைகளின் நோய் விவரிக்கப்பட்டது. அவர்களின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிக அதிகமாக இருந்தும் அவை தொற்று நேர்ந்த இடத்துக்குச் சென்று சேரவில்லை. அவர்களின் இரத்தமும் பம்பாய் வகையாகவே இருந்தது. இரத்தக்குழாயின் உட்சுவரில் அழற்சியின்போது தோன்றும் செலக்டின்கள் என்னும் லெக்டின்கள், விரைந்தோடும் வெள்ளையணுவின் மேலுள்ள ஃபியூகோஸ் சேர்ந்த சங்கிலிகளைப் பற்றி, அதன் ஓட்டத்தைத் தணித்து, சுவரோரம் உருளவிடுகின்றன. உருண்டு நின்ற பின்னரே அது குழாயை ஊடுருவித் தொற்றிடத்தை அடைய முடியும். ஃபியூகோஸைச் செல்லின் உள்ளறைக்குக் கடத்தும் புரதம் பழுதுற்றிருந்ததால் அக்குழந்தைகளின் வெள்ளையணுக்கள் பற்றப்படாமலே ஓடிக்கொண்டிருந்தன. இதே நோயுற்ற சிலருக்கு ஃபியூகோஸை வாய்வழியாகக் கொடுத்ததில் நல்ல பயன் கிட்டியது. மரபணுப் பழுதின் தன்மை வேறாக இருந்த சிலருக்குக் கிட்டவில்லை.

தனிப்பிடி தளர்வாக இருப்பதன் காரணத்தைப் படிகவியல் தெளிவாகக் காட்டியது. லெக்டினின் குழி பெரும்பாலும் ஆழமற்றது. சர்க்கரையோ நீரில் எளிதில் கரைவது, ஆதலால் குழியை விட்டு நீருக்குத் திரும்ப அது எப்போதும் தயங்குவதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனும் அவதேஷ சுரோலியாவும் உடனாய்வாளர்களும் 1994இல் நிலக்கடலை லெக்டினின் கட்டமைப்பையும், விஜயன் குழுவினர் 1996இல் பலாக்கொட்டை லெக்டினான ஜாக்கலினின் கட்டமைப்பையும் வெளிப்படுத்தினர். இரண்டும் நான்கு உறுப்புகள் கூடியவை. இரண்டும் சாதாரணச் செல்களில் மறைந்திருந்து பல புற்றுநோய்ச் செல்களில் வெளிப்படும் ஒரு குறுஞ்சர்க்கரை அமைப்பைப் பற்றுபவை. ஜாக்கலினில் விதை செய்யும் ஒரு நுட்பம் வியப்பளிப்பது: புரதம் முழுமையாக உருவான பிறகு அதன் சங்கிலி ஓரிடத்தில் வெட்டப்படுகிறது, வெட்டினால் விடுபட்ட முனை சர்க்கரைக் குழிக்குள் வந்தமர்ந்து கேலக்டோஸைத் தேர்ந்து பற்ற உதவுகிறது. இந்தியச் சமையலறையின் விதைகள் இரண்டைக் கொண்டு இந்தியாவிலேயே நடந்த இந்த ஆய்வுகள் புரதக் கட்டமைப்பியல் நூல்களில் நிலைத்த இடம் பெற்றவை; தமிழில் அவை இதைவிட அதிகமாகப் பேசப்பட வேண்டும்.

விலங்குகளின் லெக்டின்களில் ஒரு பெருங்குடும்பம் கால்சியம் அயனியின் துணையோடு சர்க்கரையைப் பற்றுகிறது. சர்க்கரை வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் நேராகக் கால்சியத்தோடு இணைகின்றன. மேனோஸுக்கும் கேலக்டோஸுக்கும் உள்ள வேறுபாடுகளில் இங்கே தீர்மானிப்பது, நான்காம் கார்பனில் உள்ள தொகுதி எத்திசையில் நீட்டி நிற்கிறது என்பது. கர்ட் டிரிக்கமர் 1992இல், மேனோஸைப் பற்றும் ஒரு லெக்டினில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றி அதைக் கேலக்டோஸைப் பற்றுவதாக்கினார். அணுக்கள் சிலவற்றின் இடமாற்றம் ஒரு புரதத்தின் இலக்கையே மாற்றிவிடுகிறது என்னும் இந்த உண்மை பின்னர் வைரஸ்களைப் பற்றிய பகுதியில் மீண்டும் வரும்.

தளர்ந்த பிடிகள் கூடி வலுவாவதை மிகத் துல்லியமாக அளக்க உதவியது கல்லீரல். 1960களின் பிற்பகுதியில் பெதஸ்டாவின் கில்பர்ட் ஆஷ்வெலும் நியூயார்க்கின் அனடோல் மொரலும், இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்னும் புரதத்துக்குக் கதிரியக்க அடையாளம் இடுவதற்காக அதன் சங்கிலி நுனிகளிலிருந்த சயாலிக் அமிலத்தை நீக்கினர். வழக்கமாக நாள்கணக்கில் சுற்றிவரும் அந்தப் புரதம், சயாலிக் அமிலம் இழந்ததும் முயல்களின் இரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் மறைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்தது. நுனி நீங்கியதால் வெளிப்பட்ட கேலக்டோஸை அடையாளம் கண்டு விழுங்கும் ஏற்பி ஒன்று கல்லீரல் செல்களில் இருப்பதை இதன்வழி அறிந்து, 1974இல் அதைப் பிரித்தெடுத்தனர்; பாலூட்டிகளில் தனித்துப் பிரிக்கப்பட்ட முதல் லெக்டின் அதுவே. பின்னர் ஒய். சி. லீயும் உடனாய்வாளர்களும், ஒற்றைக் கேலக்டோஸ், இரட்டை, மூன்று என்று கிளைகளை வகுத்துச் சோதித்தபோது, ஏற்பியின் பிடி ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையே லட்சக்கணக்கான மடங்கு வலுத்தது. வயல்வரப்பில் நடப்பவரின் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புல்லின் விதையில் ஒரு கொக்கியைத் தனியே பார்த்தால் அது எதையும் தாங்காது என்றே தோன்றும். விதையின் பிடிப்பு கொக்கிகளின் எண்ணிக்கையிலும் இடைவெளியிலும் இருக்கிறது.

இந்த ஏற்பி எதற்காக உடலில் இருக்கிறது என்னும் வினாவுக்கு விடை தாமதமாகவே கிடைத்தது. 2008இல் ஜேமி மார்த்தின் குழுவினர், நியூமோகாக்கஸ் பாக்டீரியா இரத்தத்தில் பரவிய எலிகளில், அதன் நொதி இரத்தத் தட்டணுக்களின் சயாலிக் அமிலத்தை வெட்டுவதையும், வெட்டுண்ட தட்டணுக்களைக் கல்லீரல் விரைந்து அகற்றுவதையும் கண்டனர். குருதி நச்சேற்றத்தில் தட்டணுக்கள் குறைவது எப்போதும் கேடு என்றே கருதப்பட்டுவந்தது. இங்கோ அந்தக் குறைவு, நுண்குழாய்களில் பரவலாக இரத்தம் உறைந்து உயிரைப் பறிப்பதைத் தடுக்கும் காப்பாக இருந்தது. ஏற்பி இல்லாத எலிகளே அதிகம் மடிந்தன.

மருந்தியலில் இந்த ஏற்பியின் பயன் இன்று கண்கூடு. குறிப்பிட்ட மரபணுவின் செய்தியை அழிக்கும் குறு ஆர்என்ஏ இழைகள் நல்ல மருந்தாகும் என்று தெரிந்திருந்தும், அவற்றை உரிய உறுப்பில் சேர்க்கும் வழி நெடுங்காலம் புலப்படவில்லை. கேலக்டோஸின் உறவினதான, அதைவிட நன்கு பற்றப்படும் அசிட்டைல்கேலக்டோசமைனை மும்மூன்றாகக் கிளையமைத்து இழையின் நுனியில் கட்டியபோது, தோலுக்கடியில் இட்ட ஊசி மருந்து நேரே கல்லீரல் செல்லுக்குள் சென்றது. கடும் போர்ஃபிரியா நோய்க்கான கிவோசிரான் 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; கெட்ட கொழுப்பைக் குறைக்கும் இன்கிளிசிரான், தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு இருமுறை போட்டால் போதுமானதாக உள்ளது. மூன்று சர்க்கரைகளின் இடைவெளியைச் சரியாக வகுத்ததன் பலன் இது. செல்லின் செரிமான அறையான லைசோசோமில் ஒரு நொதி குறைவதால் வரும் கோஷே நோய்க்கும் இதுபோன்ற வழியே கண்டறியப்பட்டது: ராஸ்கோ பிரேடியின் ஆய்வுகளைத் தொடர்ந்து, குறைந்த நொதியின் சங்கிலிகளை மேனோஸ் தெரியும்வரை வெட்டி ஊசியாகச் செலுத்தியபோது, மேனோஸ் ஏற்பி கொண்ட விழுங்கணுக்கள் அதை ஏற்றுக்கொண்டன. 1991இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்து, நொதியை ஊசியால் ஈடுசெய்யும் மருத்துவத்துக்கு வாயில் திறந்தது.

உடலின் முதல்நிலைக் காவலிலும் இதே கணக்கு உண்டு. இரத்தத்தில் சுற்றும் மேனோஸ் பற்றும் லெக்டினில் மும்மூன்று தலைகள் கூடி நிற்கின்றன. தலைகளின் குழிகளுக்கு இடையே சுமார் 4.5 நானோமீட்டர் தூரம். மனிதச் செல்களின் சங்கிலிகளில் மேனோஸ் பெரும்பாலும் உள்ளே மறைந்திருப்பதாலும், ஈஸ்ட், பாக்டீரியா போன்றவற்றின் மேற்பரப்பில் அது வரிசையாக நெடுகப் பரவியிருப்பதாலும், இந்த இடைவெளிதான் தன்னைப் பிறரிடமிருந்து பிரித்தறிகிறது. 1989இல் லண்டன் ஆய்வாளர்கள், அடிக்கடி தொற்றுக்கு ஆளாகும் சில குழந்தைகளிடம் இந்த லெக்டின் குறைந்திருப்பதைக் காட்டினர். ஆயினும் இக்குறை மக்களிடையே மிகப் பரவலானது; அதை உடையோர் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். பிற காவல்கள் இன்னும் முதிராத குழந்தைப் பருவத்திலும், புற்றுநோய் மருந்துகளால் வெள்ளையணுக்கள் வீழ்ந்த வேளையிலுமே இது வெளிப்படுகிறது. ஒரு புரதத்தின் குறைவைக் கண்டவுடன் நோய்ப்பெயர் சூட்டும் வேகத்துக்கு இது தக்க எச்சரிக்கை.

கூட்டுப்பிடியை மதிக்காத முயற்சிக்கு எடுத்துக்காட்டு சிறுநீர்த்தொற்று. இதை உண்டாக்கும் ஈ. கோலை பாக்டீரியா, தன் மயிரிழைகளின் நுனியிலுள்ள ஃபிம்எச் என்னும் லெக்டினால் சிறுநீர்ப்பைச் சுவரின் மேனோஸைப் பற்றுகிறது. அந்தப் பிடிக்கு ஒரு விந்தையான இயல்பு உண்டு: சிறுநீரின் ஓட்டம் இழுக்க இழுக்க, புரதத்தின் வடிவம் மாறிப் பிடி மேலும் இறுகுகிறது. மேனோஸைப் பொடியாகக் குடித்தால் பாக்டீரியாவின் குழிகள் நிரம்பி அது சுவரை விட்டுவிடும் என்னும் எண்ணம் எளிமையால் பலரைக் கவர்ந்தது. கடைகளிலும் அது விற்பனையாகிறது. பிரிட்டனில் மீண்டும் மீண்டும் இத்தொற்றுக்கு ஆளான 598 பெண்களிடம் ஆறு மாதம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், மேனோஸ் உண்டவர்க்கும் போலிமருந்து உண்டவர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குடித்த மேனோஸில் எவ்வளவு சிறுநீர்ப்பையை எட்டுகிறது என்பது ஒருபுறம் இருக்க, தனித்தனியாக மிதக்கும் தளர்ந்த மூலக்கூறுகள், இழுவையால் இறுகிய நூற்றுக்கணக்கான பிடிகளோடு போட்டியிட வேண்டியிருந்தது என்பதே இத்தோல்விக்குப் பொருந்தும் விளக்கமாகத் தோன்றுகிறது.

இன்ஃப்ளூயன்சா வைரஸின் வரலாற்றில் இவையனைத்தும் ஒருங்கே வந்து சேர்கின்றன. 1941இல் நியூயார்க்கின் ஜார்ஜ் ஹர்ஸ்ட், கோழிக்கருவின் சிவப்பணுக்களை இந்த வைரஸ் திரட்டுவதைக் கண்டார். குளிர்ந்த நிலையில் திரண்ட அணுக்கள் உடல்வெப்பத்துக்கு வந்ததும் தாமே பிரிந்தன. பிரிந்த அணுக்களைப் புதிய வைரஸால் மீண்டும் திரட்ட முடியவில்லை. வைரஸ் எதைப் பற்றுகிறதோ அதையே அழிக்கவும் செய்கிறது என்பது இதனால் விளங்கியது. பற்றுவது ஹீமக்ளூட்டினின் என்னும் கூர்முள் புரதம். அழிப்பது நியூராமினிடேஸ் என்னும் நொதி. இரண்டுக்கும் இலக்கு சயாலிக் அமிலமே. ஒவ்வொரு முள்ளிலும் மூன்று குழிகள், ஒரு வைரஸ் துகளில் சில நூறு முட்கள். ஒரு குழியின் பிடி மிகத் தளர்வானது, ஆனால் துகள் முழுவதன் பிடி எளிதில் விடாதது. அவ்வளவு இறுகப் பற்றும் வைரஸ், செல்லுக்குள் பெருகியபின் வெளியேறவும் வேண்டும். சளியில் சிக்கிக்கொள்ளாமல் செல்லை அடையவும் வேண்டும். அதற்கே நொதி.

குழியை அடைக்கும் சர்க்கரைப் போலிகளைச் செய்ய நடந்த முயற்சிகள், கூட்டுப்பிடியை வெல்ல முடியாமல், இன்றுவரை மருத்துவப் பயன்பாட்டை எட்டவில்லை. ஆனால் நொதியின் குழி ஆழமானது, ஒற்றைச் சர்க்கரையையே இறுகப் பிடித்து வெட்டுவது. ஆகவே அங்கே ஒற்றைச் சிறு மூலக்கூறு போதும். ஆஸ்திரேலியாவில் மார்க் வான் இட்ஸ்டைனும் பீட்டர் கோல்மனும் உடனாய்வாளர்களும் நியூராமினிடேஸின் படிகக் கட்டமைப்பைப் பார்த்தே வடிவமைத்த ஜானமிவிர், 1999இல் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டில் ஓசெல்டமிவிரும் வந்தது. ஒரே வைரஸ், ஒரே சர்க்கரை. லெக்டினைத் தாக்கிய வழி அடைபட, நொதியைத் தாக்கிய வழி திறந்தது. இத்துறையின் தர்க்கத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்வு வேறில்லை.

பறவைகளின் குடலில் உள்ள சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையின் மூன்றாம் கார்பனோடும், மனிதரின் மேல்சுவாசப் பாதையில் உள்ளது பெரும்பாலும் ஆறாம் கார்பனோடும் இணைந்திருக்கிறது. பறவை வைரஸ் மனிதரிடையே எளிதில் பரவாமைக்கு இது ஒரு முக்கியத் தடை. மனித நுரையீரலின் ஆழத்தில் பறவை வகை இணைப்பும் இருப்பதால், பறவைக் காய்ச்சல் தொற்றியவர்க்கு நோய் கடுமையாக அமைந்தும் பிறருக்குப் பரவுவது அரிதாக இருக்கிறது. 1968இன் ஹாங்காங் காய்ச்சல் வைரஸ் இந்தத் தடையைக் கடந்தது, முள் புரதத்தின் 226ஆம், 228ஆம் இடங்களிலிருந்த இரண்டு அமினோ அமிலங்களின் மாற்றத்தால். 2024இல் அமெரிக்கக் கறவைமாடுகளிடையே எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது, மாட்டின் மடியில் இருவகை இணைப்புகளும் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, மாட்டிடமிருந்து தொற்றிய வைரஸின் முள் புரதத்தில் 226ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினாலே அது மனித வகை இணைப்பைப் பற்றத் தொடங்கும் என்று காட்டியது. முழு வைரஸைக் கொண்டன்றி, தனித்த புரதத்தைக் கொண்டு ஆய்வகத்தில் நடந்த சோதனை அது. ஒரு கொள்ளைநோய்க்கு அந்த மாற்றம் மட்டும் போதாது, வைரஸின் பெருக்க நொதிகளிலும் வேறு மாற்றங்கள் தேவை. ஆயினும் பண்ணைகளிலிருந்தும் நோயாளிகளிடமிருந்தும் வரும் ஒவ்வொரு எச்5என்1 மரபணு வரிசையிலும் கண்காணிப்பு ஆய்வகங்கள் உற்றுநோக்கும் இடங்களுள் 226ஆம் இடம் முன்வரிசையில் இருப்பதற்குக் காரணம் இதுவே.